வெள்ளம் என்று எழுதிய தட்டுகள்

என் செல்ல லிஜிக்கு,

நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்த உன் பெட்டியைத் திறக்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. துணிகளுக்கு அடியில் உன் ரஃப் நோட்டு இருந்தது. தினமும் களியக்காவிளைக் கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, அதைத்தான் வாசிக்கிறேன். இந்தத் தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

பருத்திச் சேலை விற்கிறவள் நான், பருத்திச் செடியை ஆராய்ந்தவள் நீ. நம் பக்கத்தில் அந்தச் செடியைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. மண்ணில் ஈரம் வற்றினாலும் உப்பு ஏறினாலும் செடியைக் காப்பாற்ற ஒரு மரபணுக் குடும்பமே உள்ளே பாடுபடுகிறது என்று ஒருமுறை விளக்கினாய். அதில் எது எந்தப் பாரத்தைச் சுமக்கிறது என்று தெரிய, ஒன்றை மட்டும் வாயடைக்க வேண்டுமாம். செடி வாடினால் சுமந்தது அதுதான். பல நேரம் ஒன்றுமே ஆகாதாம், கூடப்பிறந்த இன்னொன்று அந்த வேலையை எடுத்துச் செய்துவிடுமாம். ரெண்டே பேர் உள்ள குடும்பம் என்றால் என்று கேட்டேன். நீ சிரித்தாய். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் உன் இடத்துக்கு கௌசல்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், ஈரோட்டுக்காரி. போன மாதம் போன் செய்தாள். நீ வாயடைத்த செடிகள் உப்புத் தண்ணீரில் வாடியிருக்கின்றன. ஆனால் அதே செடிகள் வெறும் தண்ணீரில் நன்றாக நின்றன என்று காட்ட, செடி வளர்த்த தட்டு ஒன்றுகூடக் கணக்கில் இல்லை என்றாள். அது இல்லாமல், வாட்டியது உப்புதான் என்று சொல்ல முடியாது. உன் இரண்டு வருட வேலையை ஓரம்கட்ட வேண்டியதுதான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, வெள்ளம்னு எழுதுன தட்டு கணக்குல நெறைய இருக்குதுங்க. அதுகளை எதுக்குங்க தண்ணிக்குள்ள முக்கி வெச்சாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மழைவெள்ளம் போல மூழ்கடித்த செடிகள் என்று நினைத்து, அவற்றின் கணக்கை அங்கே தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

"மக்ளே, எங்க ஊர்ல குடிக்கியதும் வெள்ளந்தான், குளிக்கியதும் வெள்ளந்தான். அது வெறும் தண்ணி ஊத்துன தட்டாக்கும்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. அவ்வளவு படித்தவளுக்குத் தண்ணீர் என்று எழுதக் கை வராதா?

அன்றிலிருந்து அவள் தினமும் அழைக்கிறாள். நான் ஒரு பக்கம் வாசிப்பேன், உன் சொற்களுக்கு அர்த்தம் சொல்வேன். முழு நோட்டையும் ஒரே நாளில் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உன் பெயரைச் சொல்லி என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

நேற்று கடைசிப் பக்கம் வந்தது. அது நனைந்து அழிந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். அழியவில்லை. உன் கையெழுத்து கொஞ்சம் கோணியிருக்கிறது, அவ்வளவுதான்.

"மூணு நாளு ஆசுபத்திரி. செடிக்கு ஊத்த ஆளில்ல. வெள்ளத் தட்டு நாலு வாடிப்போச்சு. என் தப்பு. இந்த நாலையும் சேக்கப்பிடாது."

அவை வாடியது வேறெங்கும் எழுதப்படவில்லை. இந்தப் பக்கத்தை மறைத்தால் அந்த நாலும் நன்றாக நின்ற கணக்கில் சேர்ந்துவிடும், உன் வேலை தப்பிக்கும். கொடுத்தால் மீதித் தட்டுகள் போதுமா? எனக்குத் தெரியாது. அதனால்தான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாதது முதல் வரிதான்.

தேதியைப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒருநாள் உனக்குப் போன் செய்திருக்கிறேன். "வேல கூடுதலு அக்கா, ஞாயிற்றுக்கிழம விளிக்கேன்" என்றாய். உனக்கு எப்போதும் வேலைதான் என்று நான் முகம் தூக்கிக்கொண்டு வைத்துவிட்டேன். நீ அப்போது கட்டிலில் கிடந்தாயா? செடிக்கு ஆளில்லை என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு யார் இருந்தார்கள்? ஒரு வாய் வெள்ளம் யார் தந்தார்கள், லிஜி? ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை?

நாளை காலை, கடைக்குப் போகும் முன், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து கௌசல்யாவுக்கு அனுப்புகிறேன். பொய் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். நீ வேண்டாம் என்ற நாலு தட்டும் போகட்டும். மீதி போதாது என்றால் அவள் புதிதாக விதை போடட்டும். நான் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து நிற்கிறேன். நீங்கள் செடிக்குப் போடும் ஊசி, மருந்து ஒன்றும் எனக்குத் தெரியாது, ஆனால் வாளியும் குவளையும் பிடிக்கத் தெரியும். ஒரு நாள்கூட ஒரு செடியையும் காயவிடமாட்டேன்.

அந்த மூன்று நாளும் வராமல் போன,
உன் அக்கா