குட்டியைக் கொடுத்துட்டேன்

என்னங்க,

போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். புது வருஷ ஆராதனையில, மகனையே பலி கொடுக்கத் துணிஞ்ச ஆபிரகாம் மாதிரி கீழ்ப்படியுங்கன்னு போதகர் பிரசங்கம் பண்ணினார். வீட்டுக்கு வந்தா, வாசல்ல நம்ம குட்டியைப் பெத்தவர் நிக்கிறார். பெண்டாட்டி செத்ததும் பொண்ணைக் கைக்குழந்தையா நம்மகிட்ட விட்டுட்டுப் போனாரே, அவரேதான். இப்போ குடியை விட்டுட்டாராம், வேலையும் கிடைச்சிருக்காம்.

"பிள்ளையைக் கேட்க எனக்கு வாய் இல்லக்கா. நீங்க மாட்டேன்னா போயிடுறேன்"னார்.

மாட்டேங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா கொடுத்துடுன்னு கர்த்தர் சொல்றது தெளிவாத்தான் இருந்துச்சு. பால் புட்டியையும் இருமல் மருந்தையும் பையில வெச்சுக் கொடுத்தேன். ஆபிரகாமுக்காவது பிள்ளைக்குப் பதிலா கடைசி நிமிஷத்துல ஒரு ஆடு கிடைச்சுது. நான் தெரு முனை வரைக்கும் கூடவே போனேன், ஒண்ணும் நடக்கல. அவ என் கழுத்தை விடல. அந்தக் கையை நான்தான் பிரிச்சு விட்டேன்.

கீழ்ப்படிஞ்சா சமாதானம் வரும்னாங்க. வரல.

லீவுல வர்றப்போ பொம்மை எதுவும் வாங்காதீங்க.

அன்னைக்கிலிருந்து நான் ஜெபம் பண்றதில்ல. முழங்கால் போட்டா அடுத்து எதைக் கேட்பாரோன்னு பயமா இருக்கு.

உங்க வீட்டுக்காரி