கறிக்கு வைத்த சீலா

அன்பு மகளுக்கு,

போனில் கேட்டால் அழுதுவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பா கடைசியாகக் கறிக்கென்று கொடுத்த சீலா மீன் துண்டை, தொழிற்பேட்டைப் பட்டறையில் கடல்பாசியும் கிராம்பும் சேர்த்து நீ செய்த உறையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். "வந்து தின்னுக்கிடுதேன், எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுத்தான் வள்ளம் ஏறினார்.

மோந்து பார்த்தே என்றைக்குப் பிடித்த மீன் என்று சொல்கிறவள் நான். இதில் இன்னும் வாடை இல்லை. அப்படியென்றால் அவர் போய் அதிக நாள் ஆகவில்லைதானே? பங்குச் சாமியார் மட்டும் ஏன் அவர் ஆன்மாவுக்குப் பூசை வைக்க நாள் கேட்கிறார்?

உன் அத்தை, "மயினி, மீனு கெடலைன்னா நாளு ஓடலைன்னு அர்த்தமா?" என்கிறாள். இந்த உறை கிருமியை அண்டவிடாது, கொழுப்பைக் காறவிடாது என்றாய். நாள் ஓடுவதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. என் மூக்கை நம்புவதா, இவர்களை நம்புவதா, தெரியவில்லை.

இன்று காலை உறை கையோடு பிய்ந்து வந்தது. மக்குவதற்கென்றே செய்தது என்பாய்.

பூசைக்கு நீ வருவதாக அத்தை சொல்கிறாள். வரும்போது புது உறை ஒன்று கொண்டு வா.

உன் அம்மா