ஆளுநரின் கடைசி வாரம்

ஜன. 7, வியாழன்

புழுக்கம். மழை என்றார்கள், வரவில்லை. லீவு முடிந்து ஈஸ்ட் டாமாக்கி தொழிற்சாலையில் முதல் நாள். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டு ஏச்சு வாங்கினேன். மனம் அமெரிக்காவில்.

திங்களோடு தம்பி ரமணன் சிறையிருக்கும் மாநிலத்துப் பெண் ஆளுநரின் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் அவனுடைய மன்னிப்பு மனுவில் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் சிறையிலிருந்து நேரே பிளேன் ஏற்றி இங்கே எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் இன்னும் எத்தனையோ வருடம் உள்ளே. குடித்துவிட்டுக் கார் ஓட்டினான், ஒருவர் செத்துப்போனார். பிழை அவனுடையதுதான். அதற்காக இவ்வளவா?

ஜன. 9, சனி

பால் முடிந்தது. மூலையிலிருக்கும் டெய்ரிக் கடையில் வாங்க வேண்டும்.

கோயிலில் ஆளுநர் பெயருக்கு அம்மா அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு வெட்கம். போனில் பிறந்த திகதியைத் தேடி, கணித்து, சுவாதி என்றேன்.

"அவ நல்லா இருந்தாத்தான் எங்கட பிள்ளைக்கு நல்லது," என்றார் அம்மா.

ஐயர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக்காரப் பெயரை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஜன. 10, ஞாயிறு

ஆளுநரைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன? பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் தொடக்கம். பிறகு அரச வழக்கறிஞர். குற்றவாளிக்கு இரக்கம் கிடையாது என்று சொல்லியே முதல் தேர்தலில் வென்றார். இரண்டாம் தடவை பேச்சில் கொஞ்சம் இளக்கம். நீலக் கோட் போட்டால் நல்ல செய்தி சொல்வார், இது என் கண்டுபிடிப்பு. எனக்குப் பைத்தியம்தான்.

என் கணவர் செந்தில் கோயம்புத்தூர்க்காரர். அரசியல் என்றால் வாய் ஓயாது. "அடுத்து செனட்டுக்கு நிக்கப் போறாங்களாம். இந்த நேரத்துல கையெழுத்துப் போட்டா எதிர்க்கட்சி சும்மா விடுமா?"

"உங்கட வாயில ஒரு நல்ல சொல் வராதே?" கத்திவிட்டேன்.

பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்றுதான் ஆத்திரம்.

ஜன. 11, திங்கள்

வக்கீலிடமிருந்து செய்தி: மனு இன்னும் ஆளுநர் மேசையில். துணி காயவில்லை.

ஜன. 12, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. அங்கே இன்னும் திங்கள். விடிய எழும்பி நேரலை பார்த்தேன். அம்மா பார்க்க மாட்டேன் என்று அறைக்குள் இருந்துவிட்டார்.

நீலக் கோட்தான். புதிய ஆளுநர் சத்தியப்பிரமாணம் செய்தார். பழையவர் வாசலில் நின்று செனட்டுக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார், கையசைத்தார், காரில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் மன்னிப்புப் பெற்றவர்களின் பெயர்கள் வந்தன. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ரமணன் இல்லை.

நாசமாய்ப் போக என்று வாய்வரை வந்தது. அப்போது போன். சிறையிலிருந்து அவன்.

"பார்த்தனான் அக்கா. இஞ்ச எல்லாரும் டிவியில பார்த்தனாங்கள்."

நான் அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை."

"அழாத. போனைக் குடு. நான் சொல்லுறன்."

அறைக்குள் போய்க் கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். "சாப்பிட்டிட்டியே ராசா? எப்ப பிளேன்?"