சாரதா சொல்லிவந்த கப்பல் கதை

ஆடி 4, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு ஒரே புழுக்கம். ஆஸ்பத்திரியில் ரெண்டு கட்டு, ஒரு காதுவலி. பிரசவம் எதுவும் இல்லை. சாப்பிட்ட கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாலு பேரும் ஆஜர். பெண்கள் பள்ளிக்கூடத்துச் சாவி லோகநாயகி டீச்சரிடம், அதனால் சட்டமும் அவருடையதுதான். அந்த வாரம் படித்ததைச் சொல்லணும். அபிப்பிராயம் சொல்லணும். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது.

இந்த வாரம்:

டீச்சர் — பெண்கல்வி பற்றி ஒரு கட்டுரைப் புத்தகம். உபதேசம் அதிகமாம். டீச்சரே சொன்னால் அதிகமாகத்தான் இருக்கும்.

ஹமீதா — சைக்கிள் கடைக்காரர் சம்சாரம். கடைக்குச் சாமான் சுற்றி வந்த வாரப் பத்திரிகைத் தாள், துப்பறியும் தொடர். முன்னும் இல்லை பின்னும் இல்லை. சமையல்காரன் மேல் சந்தேகமாம்.

நான் — இமயமலை யாத்திரை. பனியைப் பற்றி அத்தனை எழுதியவர், அங்கே என்ன சாப்பிட்டார் என்று ஒரு வரி எழுதவில்லை.

சாரதா — கப்பல் கதை. இதற்காகத்தான் எல்லோரும் சீக்கிரம் வந்தது.

சாரதா ஸ்டேஷன் குமாஸ்தா மனைவி. புத்தூர்ப் பக்கத்துப் பெண். தமிழ், தெலுங்கு ரெண்டும் பேச வரும், எழுத்து தெலுங்குதான். தெலுங்கு நாவல் ஒன்றைப் படித்து, வாராவாரம் எங்களுக்குத் தமிழில் சொல்லி வருகிறாள். மங்கம்மா என்று ஒருத்தி. ரங்கூன் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை. தேடிக்கொண்டு கப்பல் ஏறினாள். புயலில் கப்பல் உடைந்து, வலைக்காரர் குப்பத்தில் கரை ஒதுங்கினாள். இன்று அங்கே வலை பின்னக் கற்றுக்கொண்டு, கூலி பேசுகிறாள்.

டீச்சர் அபிப்பிராயம்: "கப்பல் உடையற வரைக்கும் பக்கத்துக்குப் பக்கம் அழுதுகினு இருந்தா. கரைக்கு வந்தப்புறம்தான் புத்தி வந்துது. எழுதினவருக்கும் சேர்த்து."

சிரித்தோம். சாரதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நிறைமாதம், உட்காரச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆடி 6, செவ்வாய்

வெயில். நர்ஸ் வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடணும். மண்ணெண்ணெய் இந்த வாரமும் இல்லையாம், யுத்தம் முடிந்தால்தான் என்கிறார் கடைக்காரர்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் போய் சாரதாவைப் பார்த்தேன். குழந்தை தலை கீழே இறங்கியிருக்கிறது. எல்லாம் சரி. அவள் முகம்தான் சரியில்லை. இவளைப் பெற்றபோதே இவள் அம்மா போய்விட்டாளாம். இத்தனை மாசம் சொல்லவில்லை, இன்றைக்குச் சொன்னாள். பெரியம்மா வளர்த்திருக்கிறாள். அவளும் இப்போது இல்லை.

ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்றேன். ஆங், ஆங் என்றாள். காதில் வாங்கவில்லை.

வாசல் வரை வந்து, "வர ஞாயித்துக்கிழமை கதைய நீளமா சொல்லிடறேன்க்கா. மிச்சம் வெக்க வேணாம்" என்றாள்.

வழியெல்லாம் அதே நினைப்பு. இதற்கு முன் எத்தனையோ பெண்கள் பயந்திருக்கிறார்கள். இவள் மாதிரி அமைதியாகப் பயந்தவள் யாரும் இல்லை.

ஆடி 11, ஞாயிறு

எங்கள் கூட்டம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயில் வந்த ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். டீச்சரின் கரும்பலகை மேல் யாருடைய வேட்டியோ காய்கிறது. காலரா ஊசி போட்டுப் போட்டுக் கை வலி. படித்தது: ஒன்றும் இல்லை. ஊசிக்குப் பயந்து ஒரு பெரிய மீசைக்காரர் படிக்கட்டில் ஓடினதைப் பார்த்தது தவிர வேறு சந்தோஷமும் இல்லை.

சாரதா கதையைச் சொல்லி முடிக்க முடியவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி. ஏன் என்று தெரியவில்லை.

ஆடி 14, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று கிருத்திகை. விடிந்ததும் ஹமீதா ஓடி வந்தாள், சாரதாவுக்கு வலி கண்டுவிட்டது என்று. ஹமீதா வீடு குவார்ட்டர்ஸுக்கு அடுத்த சந்துதான். தெருவெல்லாம் பூக்காவடி, நடக்க வழியில்லை. ஜட்கா வண்டி ஒன்றும் வராது. டாக்டர் மலைமேல் காலரா முகாமில். சாரதா வீட்டுக்காரர் ஸ்பெஷல் ரயில்களோடு ஸ்டேஷனில். ஆக நானும் ஹமீதாவும்.

முதலில் நன்றாகத்தான் போனது. உச்சிப்பொழுதுக்கு மேல் வலி தளர்ந்துவிட்டது. நடக்க வைத்தேன், இடுப்பைத் தேய்த்தேன், சுக்குக் கஷாயம் கொடுத்தேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். அரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த நெரிசலில் வழியே கிடையாது.

ஹமீதாதான் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்டாளா, வேண்டுமென்று கேட்டாளா, இன்னும் தெரியவில்லை. "மங்கம்மா வலை பின்னிகினு இருந்தாளே, அப்புறம் என்னா ஆச்சு?"

சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. "அப்புறம் புஸ்தகத்துல இல்ல."

எனக்குப் புரியவில்லை. சாரதா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். அது திருவிழாக் கடையில் வாங்கின பழைய புஸ்தகம். புயலில் கப்பல் உடைகிறது, அதோடு மிச்சப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது. கரை ஒதுங்கினது, குப்பம், வலை, கூலி, எல்லாம் அவளே சொன்னது. "நிறுத்த மனசு வரல. நீங்கள்ளாம் கேட்டுகினே இருந்தீங்க. நான் போய்ட்டா அவளும் குப்பத்துலயே நின்னுடுவா."

எனக்கு அழுகை வந்தது. கோபமாக மாற்றிக்கொண்டேன். "நின்னுடுவாளா? கூலி பேசி வாங்கினவ நிப்பாளா? எழுந்து உக்காரு. எங்க போனா சொல்லு."

எழுந்து உட்கார்ந்தாள். ஹமீதா பின்னால் சாய்ந்து தாங்கிக்கொண்டாள். மங்கம்மா சேர்த்த கூலியில் வேறொரு கப்பல் ஏறினாள். ரங்கூன் இறங்கினாள். மர மில்லு மர மில்லாகப் புருஷனைக் கேட்டுக்கொண்டு போனாள். நடுவில் வலி திரும்ப வந்தது. வலி வந்தால் நிறுத்துவாள், விட்டால் சொல்லுவாள். வெளியே அரோகரா சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, மறுபடி சொல்லச் சொன்னோம். புருஷன் வீட்டுக் கதவு முன்னால் மங்கம்மா நிற்கிறாள். உள்ளே வேறொரு பெண் பேசும் குரல்.

"கதவத் தட்டினாளா?" ஹமீதா.

பதில் சொல்ல நேரமில்லை. அதற்கு மேல் முக்குவதற்குத்தான் மூச்சு இருந்தது. வெயில் சாயும்போது பிறந்தது. பெண். நல்ல தொண்டை. நஞ்சுக்கொடி முழுசாக வந்தது, உதிரம் அளவோடு நின்றது. சாரதா என் கையைப் பிடித்து, "நான் இருக்கறனாக்கா?" என்றாள். இருக்கே என்றேன். ஹமீதா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சாரதா வீட்டுக்காரர் ஓடி வந்தபோது சட்டையெல்லாம் கரி. வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரப் பயம்.

ஆடி 18, ஞாயிறு

நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம். எலுமிச்சம் சாதம் கிளறினேன், கொஞ்சம் அடி பிடித்துவிட்டது.

கூட்டம் சாரதா வீட்டில். காய்ச்சல் இல்லை. பால் கட்டியது, சரியாகிவிட்டது. குழந்தைக்கு மூக்கு அப்பாவுடையது, பாவம்.

கிழிந்த புஸ்தக விஷயத்தை டீச்சரிடம் சாரதாவே சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பயம்தான். படித்ததை மட்டும்தான் சொல்லணும் என்பது சட்டம் ஆயிற்றே. டீச்சர் புஸ்தகத்தை வாங்கி, கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தெலுங்கு அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சரி, கதவத் தட்டினாளா இல்லையா?"

அதற்கப்புறம் ஒரே சண்டை. தட்டவே கூடாது, திரும்பி வந்துடணும் என்கிறாள் ஹமீதா. தட்டி, அவனை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வரணும் என்கிறார் டீச்சர். உள்ளே இருக்கிற அந்தப் பெண்ணிடம் முதலில் பேசணும் என்றேன் நான், அவள் என்ன கதையோ. ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாதம் ஆறிப்போனது.

சாரதா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. இன்னைக்கே ஒரு முடிவு சொல்லு என்றார்.

"என்னா அவசரம் டீச்சர்," என்றாள் சாரதா, குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டே. "நான் இங்கதான இருக்கப்போறேன்."