சாவு ஊர்வலத்தில் சல்சா வாசித்த அப்பாவுக்கு

அன்பான அப்பா, துபாய் மேடையின் ஹாவியரே,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூத்தது கல்லு மாதிரி உக்காந்திருக்கே" என்று அம்மாவிடம் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். எழுகிறேன், குளிக்கிறேன், மருந்துக் கடைக்குப் போய் பில் போடுகிறேன், வருகிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று அம்மா கேட்டால் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் போஸ்டர் அடிக்கப் பெரியப்பா வந்தார். உங்கள் பெயருக்குக் கீழே 'துபாய் ஹோட்டல் ஸ்டோர் கீப்பர்' என்று போட வேண்டுமாம்.

"சல்சா இசைக் கலைஞர்னு போடுங்க பெரியப்பா."

"அப்படின்னா என்னன்னு எவனுக்குத் தெரியும்? பேண்டு செட்டுக்காரன்னுதான் படிப்பானுவ."

"பேண்டு செட்டுக்காரர்தானே?"

"ஒனக்கு மாப்பிள்ளை பாக்கணுமா வேணாமா?"

அவர் இஷ்டப்படியே அடித்து ஒட்டிவிட்டார். இந்த ஊரில் பேண்டு வாசிப்பது வேலை இல்லை, சாதி. பாரிசில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவர் பெயருக்கு முன்னால் பிரான்சு என்று போட்டுக்கொள்ளலாம். நம் தெருவில் பிறந்து டிராம்போன் ஊதினவர் மட்டும் ஸ்டோர் கீப்பராகத்தான் சாக வேண்டும்.

உங்கள் கதையை உங்களிடமே சொல்வது அசட்டுத்தனம்தான். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊதிக்கொண்டிருந்த சவரிமுத்து, துபாய் ஹோட்டல் ஒன்றின் ஸ்டோரில் மூட்டை தூக்கப் போனார். அங்கே சல்சா என்கிற தென்னமெரிக்க ஆட்டப் பாட்டு வாசித்த கொலம்பியாக்காரர்களின் குழுவில் டிராம்போன்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். ஸ்டோரிலிருந்து நீங்கள் மேலே போய், நான் ஊதுகிறேன் என்றீர்கள். முதல் வாரம் சிரித்தார்களாம். அடுத்த மாதம் உங்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். சவரி அவர்கள் வாயில் ஹாவியர் ஆனார்.

"சல்சாவுல டிராம்போன், பாடுறவன் பின்னாடி கைகட்டிக்கிட்டு நிக்காதும்மா. அவன் ஒண்ணு சொன்னா நாம ஒண்ணு திருப்பிச் சொல்லணும். சண்டை மாதிரி" என்று போனில் சொல்லுவீர்கள். நம் ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத மனிதர் நீங்கள். அங்கே ராத்திரிக்கு ராத்திரி மேடையில் என்னதான் பேசினீர்கள் அப்பா?

ஹோட்டல்காரர்கள் குழுவைக் கலைத்துவிட்டு டிஜே வைத்துக்கொண்டார்கள். நீங்கள் திரும்பி வந்து அந்தோணி மாமாவின் பேண்டு செட்டிலேயே மறுபடி சேர்ந்தீர்கள். கிளிஞ்சல்மேட்டுக் கல்யாணம் ஒன்றில் மாமாவுக்கே சொல்லாமல் சல்சாவுக்கு மாறினீர்கள். மாமா டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு முறைத்தார். டிரம் அடிக்கிற பையன்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள். "அண்ணே, அந்த வெளிநாட்டுக் குத்த இன்னொரு தடவ விடுங்கண்ணே!" வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் உங்களுக்கு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அந்தத் துணிச்சலில்தான் கோயில் தெரு சாவில் வாசித்தீர்கள். பெரிய வீட்டுச் சாவு. "கிராண்டா இருக்கணும்" என்று அவர்கள்தான் சொன்னார்கள். நீங்கள் எடுத்தது துக்கப் பாட்டு. செத்துப்போன சிநேகிதனைப் பற்றிய பாட்டு என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் தாளம் சல்சா. பாடை தூக்கினவர்களின் கால்கள் தாளத்துக்கு நடந்தன. செத்தவரின் மகன் திரும்பி வந்தார். "எங்கப்பா பொணத்துக்கு முன்னாடி ரெக்கார்டு டான்சாடா வைக்கிற?" என்று சாதியைச் சொல்லித் திட்டிவிட்டு, நீங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே டிராம்போனைக் கையால் ஓங்கித் தள்ளினார்.

முன்பற்கள் இரண்டு ஆடிவிட்டன. உதடு கிழிந்தது. கோயில் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். 'ரெண்டு பக்கமும் தப்பு' என்றார்கள். நீங்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டீர்கள். உதடு ஆறியது. ஆனால் ஊதும்போது மூச்சு வாயில் நிற்கவில்லை, ஓட்டை பலூன் மாதிரி உதட்டோரமாகப் போனது. அதோடு சரி. ஒரு டிராம்போன்காரரின் தொழிலை முடிக்க இரண்டு பற்கள் போதும். அதற்குக் கேஸ் கிடையாது.

போன மாதம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழவில்லை. மாமா செட்டோடு வந்தார், காசு வாங்கவில்லை. வழக்கமான பாட்டுகள்தான் வாசித்தார்கள். "அப்பாவோட பாட்ட ஒரு தடவ வாசிங்க மாமா" என்று கேட்டேன். "ஒரு தடவ பட்டது போதும் பாப்பா. நாளைக்கு அந்தத் தெருவுல எனக்கு வேலை வேணும்" என்றார். கோபம்கூட வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

நேற்று மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். முப்பதாம் நாளுக்காவது அந்தப் பாட்டு வேண்டும் என்றேன். கல்லறைக்குப் போகிற வழி அந்தத் தெருதான்.

"அடிச்சா யாரு வாங்குறது?"

"நான் முன்னாடி நடக்கிறேன். மொத அடி எனக்கு."

மாமா தலையைச் சொறிந்தார். "பயத்த விடு. டிராம்போன் இல்லாம அந்தப் பாட்டு எப்படி வரும்? நடுவுல பூரா அவன்தானே?"

"அந்த எடம் வரும்போது சும்மா நில்லுங்க. டிரம்மையும் நிறுத்திடுங்க."

"சும்மாவா? சனம் சிரிக்கும்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஊதத்தான் பயம்னு நெனச்சேன். இவருக்கு சும்மா நிக்கவும் பயமாம்!"

மாமா சிரித்துவிட்டார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, பையன்களைக் கூப்பிடப் போனார்.

உப்பளம் பக்கம் போய்ப் பழகுகிறார்கள். நானும் போய் நின்றேன். பாட்டு வேகமாகப் போகிறது, உங்கள் இடம் வருகிறது, எல்லோரும் கருவியை இறக்கிவிடுகிறார்கள். டிரம்காரப் பையன் மட்டும் உதட்டுக்குள் எண்ணுகிறான். அவனோடு சேர்ந்து எண்ணிய எனக்குப் பாதியில் எண்ணிக்கை தவறியது. அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. அதற்குள் டிரம்பெட் தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் தெரு வழியாகத்தான் போகிறோம். பெரிய வீட்டு வாசலுக்கு வரும்போது உங்கள் இடம் வருகிற மாதிரி மாமா கணக்குப் பண்ணியிருக்கிறார். அந்த மகன் கதவைத் திறந்து வரட்டும். யாரும் ஊத மாட்டார்கள். எதைத் தட்டிவிடுவார்?

நீங்கள் வாசித்து முடிக்கிற நேரம் முழுக்க அந்த வாசலில் நிற்பேன் அப்பா. தலை குனிய மாட்டேன், மாமாவை அவசரப்படவும் விட மாட்டேன். இது சத்தியம்.

பேண்டு செட்டுக்காரர் சவரிமுத்துவின் மூத்த மகள்,
சகாயமேரி