கழுவிய பாட்டில்

4.3.1998

அன்புள்ள நாத்தனாருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "ஆய்வகத்துல மூச்சு விட நேரமில்ல அண்ணி" என்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டு பாட்டிலில் ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து இன்று கூரியரில் போட்டுவிட்டேன். பின் தெருவில் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை வந்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. உன் அண்ணனோ, "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்கிறார். பாப்பாவுக்கு இரண்டரை வயசு. "அத்தை எப்ப வரும்?" என்று வாய் ஓயாமல் கேட்கிறாள். அவள் குடிக்கிற தண்ணீர். பார்த்துச் சொல்.

உன் அண்ணி


15.3.1998

அன்புள்ள அண்ணிக்கு,

கவலையை விடுங்கள். ஈயம் அளவுக்குள்தான் இருக்கிறது. நானே சோதித்து நானே கையெழுத்துப் போட்டேன். தாராளமாகக் குடிக்கலாம். அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலைகால் புரியாமல் ஆடுவார். பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

உங்கள் நாத்தனார்


9.6.1999

அன்புள்ள நாத்தனாருக்கு,

பாப்பா முன்போல் பேசுவதில்லை. 'அத்தை' என்ற சொல்லே அவள் வாயில் வந்து மாதக்கணக்காகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். "வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "என் நாத்தனாரே பார்த்துச் சொன்ன தண்ணி டாக்டர்" என்றேன், பெருமையாகவே.

அலமாரியை ஒழித்தபோது உன் இன்னொரு பாட்டில் கிடைத்தது. இதன் அடியிலும் ஏதோ கொஞ்சம் நிற்கிறது. ஏம்மா, உங்கள் ஆய்வகத்தில் பாட்டில்கூடக் கழுவமாட்டார்களா? போன தடவை சோப்புப் போட்டு மூன்று முறை அலசித்தான் பிடித்தேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. இதையும் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்ளட்டுமா?

உன் அண்ணி


13.6.1999

அண்ணி,

அதைக் கழுவாதீர்கள். அடியில் இருப்பது அமிலம். கையில் பட்டுவிடாமல், அப்படியே அதில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து உடனே அனுப்புங்கள். அமிலம் இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சோதனையில் நல்ல தண்ணீராகத் தெரியும்.

கிணற்றுத் தண்ணீர் இன்றோடு வேண்டாம். பாப்பாவின் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.


27.6.1999

அன்புள்ள அண்ணிக்கு,

ஈயம், இருக்கலாம் என்ற அளவைவிட ஒன்பது மடங்கு. இரண்டு முறை பார்த்தேன்.

நீங்கள் கழுவியது தப்பில்லை. வெளியாருக்கு அனுப்பும் பாட்டிலில் 'அமிலம், கழுவாதீர்' என்று சீட்டு ஒட்டுவோம். உங்களுக்கு ஒட்டவில்லை. தண்ணீர் வந்ததும் அதில் லிட்மஸ் தாள் துண்டை நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் அமிலம் இல்லை, திருப்பி அனுப்ப வேண்டும். அதையும் செய்யவில்லை. நம் வீட்டுப் பாட்டில்தானே என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அழுகைகூட வரவில்லை அண்ணி. மதியம் இன்னும் பதினொரு பாட்டில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தாள் நனைத்தேன். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


10.7.1999

நாத்தனாருக்கு,

பாப்பாவின் ரத்தத்திலும் இருக்கிறது. மருந்து தொடங்கியாயிற்று. போன பேச்சு திரும்புமா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார் டாக்டர். தண்ணீர் லாரியில் வருகிறது.

பாட்டிலை நான் கழுவியதை உன் அண்ணனிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நீ பார்க்காமல் விட்டதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவருக்குத் தங்கை என்று ஒருத்தியாவது இருக்கட்டும். இனி அவருக்கே எழுது, எனக்கு வேண்டாம்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

நேற்று பாப்பா உன் போட்டோவைக் கையில் வைத்திருந்தாள். "யாரு இது?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாப்பாவின் அம்மா