இரும்பைப் பேய் அடிக்கும்

ஜூலை 8, செவ்வாய்

கோபம் என்று சொல்ல முடியாது. தோல்வி, அவ்வளவே. காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை.

அண்ணன் விடுப்பில் வந்திருக்கிறான். ராணுவப் பழக்கம், விடியும் முன்பே எழுந்து என் அறைக் கதவைத் தட்டுகிறான். "ஏட்டி, போனை எடு. ஒரு ஆட்டம்."

மிருகங்களை மோதவிடும் விளையாட்டு. ஒவ்வொன்றும் ஒரு வகை: நெருப்பு, தண்ணீர், இரும்பு, பேய், இருட்டு என்று. சிறு வயதில் ஒரே கருவியை வைத்து மாறி மாறி ஆடினோம். இப்போது புதிய பாகம், ஆளுக்கொரு போனில். ஒருமுறைகூட அவனை ஜெயித்ததில்லை. பள்ளியில் இல்லை, கல்லூரியில் இல்லை, எம்.ஏ. முடித்த பிறகும் இல்லை.

இன்று அவன் பேயை இறக்கினான். நான் இரும்பு ஆமையை இறக்கினேன். பழைய பாகங்களில் பேயின் அடி இரும்பின் மேல் பாதிதான் விழும். இன்று முழுசாக விழுந்தது. ஆமை காலி.

"வகையெல்லாம் மாத்திட்டானுவ, தெரியாதா? பேயும் இருட்டும் இப்பம் இரும்ப நல்லா அடிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சி என்ன செய்ய. நீ ஒப்பிக்கத்தான் லாயக்கு. கை பழசுலயே நிக்கி."

தெரியும் என்றது பொய்யில்லை. போன மாதமே மாற்றங்களைப் படித்துவிட்டேன். அதுதான் உறுத்தல். ஒப்பிக்கத்தான் லாயக்கு: நெட் தேர்வுக்குப் படிக்கும்போது எனக்கே தோன்றுவது.

ஞாயிறு மாலை அவனுக்கு ரயில். அதற்குள் ஒரு வெற்றி. ஒன்றே ஒன்று.

ஜூலை 9, புதன்

பாவூர்சத்திரம் சித்தி வீட்டுக்கு அம்மா கறிக்குழம்பு கொடுத்துவிட்டாள். தூக்குவாளி மூடிமேல் வழக்கம்போல் ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி. கறி வாசத்துக்குப் பேய் பின்னால் வரும். இரும்பு இருந்தால் அண்டாது.

பஸ்ஸில் கூட்டம். காலடியில் யாருடைய வெங்காய மூட்டையோ. மடியில் தூக்குவாளி. ஆணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீழப்பாவூர் விலக்கு தாண்டுவதற்குள் பிடிபட்டது.

தண்ணீர் நெருப்பை அடிக்கும், நெருப்பு இலையை அடிக்கும். இவற்றை மனப்பாடம் செய்தேன். இரும்பையும் பேயையும் மனப்பாடம் செய்யவே இல்லை. தேவைப்படவில்லை. எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே இருந்த விஷயம். விளையாட்டில் அதைப் பார்த்தபோது, ஆமாம், அப்படித்தானே, என்றிருந்திருக்கும். அண்ணனுக்கும்தான். ஆனால் அவன் மறந்துவிட்டான். முகாமில் ஆணி வைத்துக் குழம்பு வருவதில்லை.

படித்ததை அழிக்கலாம். படிக்காமலே தெரிந்ததை எப்படி?

சித்தி மூடியைத் திறந்ததும்: "ஆணிய மறந்துட்டுப் போயிராத. உங்கம்மை என்னட்ட கேப்பா."

ஜூலை 10, வியாழன்

பயிற்சி. முகம் தெரியாதவர்களோடு. எதிரே பேய் வந்ததும் கட்டைவிரல் ஆமைப்பக்கம் போகிறது. தடுக்கிறேன். போகிறது.

பேய்க்கு எதிரே எது? சாதா வகை. எந்தச் சக்தியும் இல்லாதது. பேயின் அடி அதன்மேல் படவே படாது. அன்றும் அப்படி, இன்றும் அப்படி. ஆனால் சாதாவை யாரும் அணியில் சேர்ப்பதில்லை. அழகும் கிடையாது.

ஒரு பெருச்சாளியைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினேன். இருட்டுக் கடி கற்றுக்கொடுத்தேன். பேயை இரட்டிப்பாய் அடிப்பது அது.

அம்மா: "கரண்டு எப்பம் போவும்னு தெரியல, இவ போனுக்குச் சார்ஜ் போடுதா. கழுதை வயசாச்சு ரெண்டுக்கும்."

மாலை அண்ணனோடு ஆட்டம். பெருச்சாளி இன்னும் தேறவில்லை, சேர்க்கவில்லை. கை ஆமையை இறக்கியது. தோற்றேன். ஒன்று மட்டும் கவனித்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஆமையை மாற்றமாட்டேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஜூலை 12, சனி

குற்றாலம். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தலையில் எண்ணெய் வழிய ஒரு ஆள் போலீஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சார், ஒரு நனை நனைஞ்சிட்டு ஓடியாந்துருதேன் சார்." "அங்கன பாரும்வே, பாறையே தெரியல."

பஜ்ஜிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் போனை எடுத்தான்.

கடைசிக் கட்டம். அவனிடம் பேய் மட்டும் மிச்சம். எனக்கு முன்னால் ஆமை. பின்னால், அவன் இதுவரை பார்க்காத ஒன்று. இருவரும் தேர்ந்தெடுத்த பிறகுதான் திரை நகரும். அவன் பெரிய அடியைத் தேர்ந்திருப்பான் என்று தெரியும். மொத்த பலத்தையும் கொட்டும் அடி. அடித்தபின் பேய் ஒரு முறை சும்மா நிற்க வேண்டும். எதிரே ஆமைதான் மாறாமல் நிற்கும் என்ற நிச்சயம் இருந்தால் மட்டுமே எடுக்கக்கூடியது.

கட்டைவிரல் ஆமைப்பக்கம் போகவே இல்லை.

ஆமை உள்ளே. பெருச்சாளி வெளியே. பேயின் அடி அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. பேய் சும்மா நின்றது. கடித்தேன். அடுத்த முறையும் கடித்தேன்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பம் வளத்த இத?"

"ரெண்டு நாளா."

"பெருச்சாளியையா?"

"ஆமா."

"பாக்கவே சகிக்கல."

"ஜெயிச்சிட்டுல்லா."

கடைக்காரர்: "அண்ணாச்சி, பஜ்ஜி ஆறுது."

என் பஜ்ஜியையும் அவனுக்கே தள்ளினேன். பசிக்கவில்லை. முகத்தில் சாரல். துடைக்கவில்லை. ஒப்பித்து ஜெயிக்கவில்லை, அவனிடம் கற்றதைக் கொண்டும் ஜெயிக்கவில்லை. இது நான் யோசித்தது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

மாடியில் துணி எடுக்கும்போது கீழே முற்றத்தில் அண்ணன் குரல், போனில், பட்டாளத்துச் சிநேகிதனிடம்:

"விட்டெல்லாம் குடுக்கலலே. நல்லா பாத்துத்தான் ஆடுனேன். எந்தங்கச்சி அடிச்சிட்டா… பெருச்சாளிய வச்சி. சிரிக்காத. நீ ஆடிப் பாரு அவகூட, தெரியும்."

துணியை உடனே கொண்டுபோகவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை கொடியருகே நின்றேன்.

தென்காசி ஸ்டேஷன். படியில் நின்றபடி சொன்னான்: "போய்ச் சேந்ததும் ஆடுவோம். ஒம் பெருச்சாளிக்கு மருந்து யோசிச்சிட்டேன்."

"யோசி."

வண்டி நகர்ந்தது. வீட்டுக்கு வந்து பெருச்சாளியை அணியிலிருந்து எடுத்துவிட்டேன். மருந்தோடு அவன் அதைத் தேடட்டும்.